சத்தம் எங்கே போகிறது

காலையில் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்திகூடக் கொளுத்தாமல் முதலில் லேப்டாப்பைத் திறப்பேன். சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பை ஓட்டும் லினக்ஸ் என்ற மென்பொருளில் சவுண்ட் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. சத்தம் வெளியே வரக்கூடிய வழிகள் அதில் வரிசையாக இருக்கும்: லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர், இயர்போன், கேபிள் போட்டு வெளியே மாட்டியிருக்கும் மானிட்டர். இயர்போன் என்ற வரி தேர்வாகியிருந்தால் அன்றைக்குப் பிழைப்பு உண்டு. வேறு வரிக்குத் தாவியிருந்தால், அதைச் சரிசெய்யும்வரை யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குப் போய் ஒரு ஆள் பயப்படுவானா என்று யாராவது கேட்டால், என் கண்ணை ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும்.

நான் பத்திர எழுத்தர். ஆலங்குடிப் பக்கம், பதிவு அலுவலகம் இருக்கும் தெருவில், எட்டுக்குப் பத்து அறை. நிலம் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். பத்திரத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போடும் முன்னால் அவர்களை எதிரே உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டுவேன். எங்கள் தொழிலில் இது விடக்கூடாத வழக்கம். ‘படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு’ என்று எழுதித்தான் கடைசியில் கையெழுத்தே வாங்குகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் காவல். என் வாயை நம்பித்தான் அவர்கள் பேனாவைக் கையில் எடுக்கிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் என் கண் கெட ஆரம்பித்தது. நேராகப் பார்க்கும் இடம் மட்டும் கலங்கிப்போயிற்று. ஓரங்களெல்லாம் நன்றாகத் தெரியும். ரோட்டைக் கடப்பேன், எதிரே வருகிறவரின் சட்டை நிறத்தைச் சொல்வேன், டீ கிளாஸைத் தட்டிவிடாமல் எடுப்பேன். எழுத்து மட்டும் தெரியாது. எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ சரியாக அதன்மேலே அழுக்குத் தண்ணீர் கொட்டினாற்போல் ஆகிவிடும். மதுரையில் பார்த்த டாக்டர், ‘போன பார்வை திரும்பாது, ஆனால் முழுக்குருடாகவும் ஆகமாட்டீர்கள்’ என்றார். ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. எழுத்து தெரியாமல் ரோட்டில் போகிற மாடு மட்டும் தெரிந்து ஒரு பத்திர எழுத்தன் என்ன செய்வான்?

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஊரில் மூச்சு விடவில்லை. மூட்டு வலி என்று சொல்லி பைக்கை விற்றேன். ‘அந்த ரைட்டருக்குக் கண் போச்சாம்’ என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் அது ஊர் தாண்டிவிடும். அப்புறம் என் அறைக்கு ஈயும் எறும்பும்தான் வரும்.

லினக்ஸுக்கு என்னைக் கொண்டுபோனவர் புதுக்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியர். என் வயதுக்காரர்தான், பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பத்திர விஷயமாகப் பழக்கமானவர். என் குரலில் இருந்த தடுமாற்றத்தைப் போனிலேயே பிடித்துவிட்டார். “சார், ஒங்களுக்கு எழுத்து தெரியலதானே?” என்று நேராகக் கேட்டார். போனை வைத்துவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நானே கூப்பிட்டேன். என்னுடைய பழைய லேப்டாப்பில் அவர்தான் லினக்ஸைப் போட்டு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை இயக்கிக் கொடுத்தார். எல்லாம் இலவசம். “ரொம்பச் சுலபம் சார், பழகிட்டா விடமாட்டீங்க” என்றார்.

சுலபம் என்ற சொல்லை யாரும் என்னிடம் கொஞ்ச நாளைக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் குரல் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு தமிழ் பேசுகிற குரல். ‘சர்வே எண்’ணைத் திருடன் பெயரைச் சொல்வதுபோல் அவசரமாகச் சொல்லும். மேல் அம்பு விசையை ஒன்று கூட அழுத்திவிட்டால் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. தெரியாமல் எதையோ தொட்டு ஒரு நாள் சத்தத்தின் அளவு நூறைத் தாண்டிப் போய், காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ‘கிரயம் பெறுபவர்’ என்றது. கெட்ட வார்த்தையில் திட்டினேன். பத்திரம் எழுத வந்து எதிரே இருந்த கட்சிக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று எழுந்தே போய்விட்டார்.

ஆனாலும் பழகினேன். பிழைப்பு போகிறது என்றால் மனிதன் எதையும் பழகுவான். சுவரோரமாக நாற்காலியைப் போட்டேன். சுவர்ப்பக்கக் காதில் இயர்போன். கையில் அச்செடுத்த தாளைப் பிடித்துக்கொள்வேன். காதுக்குள் குரல் ஒரு வரி சொல்லும், அரை நொடி தாமதித்து அதை நான் சொல்வேன். பக்கம் முடிந்தது என்று அது சொன்னால் தாளைத் திருப்புவேன். பார்க்கிறவர்களுக்கு நான் தாளைப் பார்த்துப் படிப்பதாகத்தான் தெரியும். இன்னொரு ஏற்பாடும் செய்தேன். வெளி மானிட்டர் ஒன்றைக் கட்சிக்காரர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். ‘நான் படிக்கிறது அங்கேயும் தெரியும், பார்த்துக்கோங்க’ என்பேன். ஒளிவுமறைவு இல்லாத ஆள் என்று பெயர் கிடைத்தது. “முன்னைக்கு இப்ப நிறுத்தி நிதானமாப் படிக்கிறீங்க” என்று ஒருவர் பாராட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “என்னைக்காவது அது பேசாம போயிட்டா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். பயத்தில்தான் விழுந்தேன்.

போன ஆவணி முதல் வாரம். ஆடி முழுக்கப் பதிவு வேண்டாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் ஒரே நாளில் கிளம்பி வந்ததுபோல் தெருவில் கூட்டம். காலை பதினோரு மணிக்கு ஒரு அக்காவும் தம்பியும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். கறம்பக்குடி போகிற வழியில் அவர்கள் ஊர். அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும், கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. தம்பி வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தார். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார். அதற்கு விடுதலைப் பத்திரம்.

முதலில் தம்பி போனில் சொன்னதை வைத்து ஒரு நகல் எழுதியிருந்தேன். அதில் தோப்பு, மரம், கிணறு எல்லாம் தம்பிக்கு. பிறகு அக்கா நேரில் வந்து, தோப்புக் கிணற்றில் பாதி தனக்கு வேண்டும் என்றார். தோப்புக்கு மேற்கே அவருக்குக் கடலைக் கொல்லை இருக்கிறது, அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் அதற்கு. “தோப்பு எனக்கு வேணாங்க. தண்ணி இல்லைன்னா கொல்லைய வச்சு நான் என்ன பண்ண?” என்றார். தம்பியும் மறு பேச்சில்லாமல் சரி என்றார். அந்த வரியை மாற்றி, ‘கிணற்றில் சரிபாதிப் பாத்தியதை’ என்று சேர்த்து, ‘திருத்தியது’ என்று கோப்புப் பெயரின் கடைசியில் போட்டு இரண்டாவது நகலைச் சேமித்தேன்.

அன்று காலை அச்செடுத்தாயிற்று. சாட்சிகள் இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம் பாதி போனபோது கரண்ட் போயிற்று. அது வழக்கம்தான். லேப்டாப் பேட்டரியில் ஓடும், காதுக்குள் குரலும் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் அணைந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது என் சுவருக்கு மறுபக்கம்தான், போட்டால் நாற்காலியே அதிரும். குரலை உயர்த்திப் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. காதுக்குள் ஒன்றும் இல்லை.

ஒரு நொடி காத்திருந்தேன். இரண்டு நொடி. குரல் வரவில்லை. கட்சிக்காரர்களுக்குத் தெரியாமல் இடது கையால் விசையை அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் படி என்பதற்கான விசை. ஒன்றும் இல்லை. இயர்போனை இழுத்துச் செருகினேன். ஒன்றும் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த வரியில் நிற்கிறேன் என்று எனக்குச் சொல்ல அந்தக் குரல் வேண்டும். சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர எனக்குச் சத்தம் வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவன் கண் நன்றாகத் தெரிகிறவனாகத்தான் இருக்க வேண்டும்.

“என்னண்ணே, நிறுத்திட்டீங்க?” என்று தம்பி மொபைலில் இருந்து தலையைத் தூக்கினார்.

“ஒன்னுமில்ல, தொண்டை” என்றேன்.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நானே எழுதிய பத்திரம்தானே. முப்பது வருடமாக எழுதுகிற வாசகங்கள். ‘மேற்படி சொத்தில் எனக்குரிய பாகத்தை’ என்று தொடங்கிச் சரளமாகப் போனேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வரி தவறினால் இந்த அம்மாவின் கொல்லை காய்ந்துவிடும் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நிறுத்தினால் நான் காய்ந்துவிடுவேனே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கண்ணின் ஓரத்தில் அக்காவின் பச்சைப் புடவை அசைந்தது. அவர் மானிட்டர் பக்கம் சாய்வது தெரிந்தது. ஏன் சாய்கிறார் என்று புரியவில்லை. ஜெனரேட்டர் என் காதைப் பொத்தியிருந்தது. ‘மேற்படி தோப்பிலுள்ள கிணற்றில் சரிபாதிப் பாத்தியதை எனக்கே உரியது’ என்று அழுத்தி, இரண்டு முறை சொன்னேன். அவருக்கு அந்த வரி முக்கியம் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அதனால்.

அந்த நேரம் பக்கத்தில் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அறை அமைதியானது. அமைதியான அறைக்குள் தகர டப்பாக் குரல் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. மானிட்டருக்குள்ளிருந்து, கட்சிக்காரர்களைப் பார்த்து.

கரண்ட் வந்து மானிட்டர் உயிர்பெற்றதும் லினக்ஸ் சத்தத்தை அதன் சின்ன ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. புதிதாக ஒரு வழி கிடைத்தால் அது அங்கே போய்விடும் என்று பின்னால் ஆசிரியர் விளக்கினார். அப்போது எனக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாய்ந்து லேப்டாப்பின் மூடியைச் சாத்தினேன். குரல் நின்றது.

“நிறுத்தாதீங்க” என்றார் அக்கா. “ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க வாயி பாதிக் கெணறு எனக்குங்குது. இந்தப் பொட்டி கெணறு, மரம் எல்லாம் தம்பிக்குங்குது. எதுங்க நெசம்?”

“அது… அது பழைய நகலைப் படிக்குதுக்கா. கம்ப்யூட்டர் கோளாறு. பேப்பர்ல சரியாத்தான் இருக்கு.”

வாய் கூசாமல் சொன்னேன். எனக்கே அது உண்மை என்றுதான் தோன்றியது.

“அப்ப அந்த வரில வெரல வையுங்க. தம்பி படிக்கட்டும்.”

இரண்டாவது பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி என்று எனக்குக் கணக்கு. தாளை மேசைமேல் வைத்து, மேலிருந்து அளந்து, விரலை வைத்தேன். தம்பி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“அண்ணே, அங்க எழுத்தே இல்லண்ணே” என்றார்.

நான் விரலை எடுக்கவில்லை. எங்கே நகர்த்துவது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும். தம்பி தாளை மெல்ல உருவி எடுத்து அவரே தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. ‘கிணறு, மரங்கள் உட்பட சகல பாத்தியதைகளையும் விடுதலை செய்து’ என்று இருந்தது. முதல் நகல்.

அன்று காலை நான் செய்த தவறு எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கோப்புகளின் பெயரும் ஒரே மாதிரி தொடங்கும். கண்ணுள்ளவர்கள் கடைசிச் சொல்லைப் பார்த்துத் திறப்பார்கள். நான் காதால் திறக்கிறவன். ‘விடுதலை தென்னந்தோப்பு’ என்று குரல் சொன்னதும், அடுத்து ‘திருத்தியது’ வருகிறதா என்று கேட்கப் பொறுமையில்லாமல் எண்டரைத் தட்டியிருக்கிறேன். சரியானதைச் சொல்லிக் காட்டி, தப்பானதில் அந்த அம்மாவின் கையெழுத்தை வாங்கியிருப்பேன். இன்னும் ஐந்தே நிமிடம். காதில் குரல் நின்றுபோகாமல் இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். குரல் மானிட்டருக்குப் போகாமல் சும்மா செத்துப்போயிருந்தால் யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

“நீதான் இப்புடி எழுதச் சொன்னியா?”

“அக்கா, சத்தியமா இல்லக்கா.”

“முன்னாடியும் நீ போன்ல இப்புடித்தானே சொன்ன. வாயால ஒன்னு படிச்சு, எழுத்துல ஒன்னு வைக்கச் சொல்லி ரைட்டரு கையில காசு குடுத்துட்டியோ?”

தம்பியின் முகம் எனக்குத் தெரியாது. நேரே பார்த்தால் எந்த முகமும் தெரியாது. ஆனால் அவர் மூச்சு வாங்கியது கேட்டது. கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், பழி அங்கே போய்விடும், என் ரகசியம் என்னிடமே இருக்கும் என்று எனக்குள் ஒரு நாய் சொன்னது. அதைக் கேட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு மூன்று நொடி பேசாமல்தான் இருந்தேன்.

“அவரு சொல்லலக்கா” என்றேன். “எனக்குக் கண்ணு தெரியல. எழுத்து தெரியல. அந்தப் பொட்டி காதுல சொல்றதத்தான் நான் திருப்பிச் சொல்றேன். இன்னைக்கு அது காதுல வரல. மனசுல இருந்தத சொன்னேன்.”

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கத்தினார்கள். அக்கா எழுந்து போய்விடுவார், வாசலில் நின்று ஊரைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பொட்டியையே படிக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

இயர்போனைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து, மானிட்டர் வழியாகவே சத்தம் வரட்டும் என்று விட்டேன். ‘திருத்தியது’ என்ற சொல்லைக் கடைசிவரை கேட்டு, சரியான கோப்பைத் திறந்து, மறுபடியும் அச்செடுத்தோம். குரல் முழுப் பத்திரத்தையும் படித்தது. அது படிக்கப் படிக்கத் தம்பி தாளில் விரல் வைத்துச் சரிபார்த்தார். வாசலில் நான்கைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிணற்று வரியை அக்கா மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம்தான் பேனாவை வாங்கினார்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

“எத்தன நாளா இப்புடி?”

“மூணு வருசமா.”

“அப்ப இதுக்கு முன்னாடி எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நீங்க படிச்சுக் குடுத்ததெல்லாம்?”

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டார். குரல் காதில் வராமல் போனது அன்றைக்கு மட்டுமா? இல்லை. நான்கைந்து தடவை நடந்திருக்கிறது. ஒரு வரி, இரண்டு வரி. ஒவ்வொரு தடவையும் நினைவிலிருந்து சொல்லி ஒப்பேற்றிவிட்டு, மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். நான் மாட்டிக்கொள்வதற்குத்தான் மூன்று வருடமாகப் பயந்தேன். வேறு யாராவது மாட்டியிருக்கலாம் என்று ஒரு நாளும் பயந்ததில்லை.

செய்தி ஊரைச் சுற்றியது. பாதிப் பேர் வேறு எழுத்தர்களிடம் போய்விட்டார்கள். மீதிப் பேர் வருகிறார்கள், ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். சத்தம் எங்கே போகிறது என்று காலையில் இப்போதும் பார்க்கிறேன், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக.

தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன்னால் நானும் மனைவியும் மூன்று வருடப் பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். கட்சிக்காரர் சொல்லச் சொல்ல நான் கைப்பழக்கத்தில் கோணல்மாணலாகக் குறித்து வைத்த விவரங்களை அவள் பழைய நோட்டில் பார்த்துக்கொள்வாள். ஒன்று சரியாக இருந்தால் மூச்சு விடுவேன். அடுத்ததைத் திறக்கும்போது மறுபடியும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

போன வாரம் ஒரு பத்திரத்தில் அவள் “நிறுத்துங்க” என்றாள். மனையின் முன்பாதியைப் பக்கத்து வீட்டாருக்கு விற்ற ஒரு அம்மாவின் பத்திரம் அது. பின்பாதியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போக நான்கடிப் பாதை வேண்டும் என்று சொல்லியிருந்தார். நோட்டில் இருந்தது. பத்திரத்தில் இல்லை. அவர் இப்போது பொன்னமராவதியில் மகள் வீட்டில் இருக்கிறார். மனைவி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

“அம்மா, நான் ரைட்டர் பேசுறேன். ஒங்க பத்திரத்துல பாதை விட்டுப்போச்சும்மா. பிழைதிருத்தல் பத்திரம் போடணும். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கையெழுத்துப் போடணும், அவரு வருவாரான்னு தெரியல. தப்பு என்னோடது.”

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“இல்லைங்களே” என்றார் அந்த அம்மா. “பாதை இருக்குன்னு நீங்கதானங்க படிச்சுக் காட்டுனீங்க?”